சரோஜா உட்கார்ந்திருந்த விதம்

தோட்ட ஆஸ்பத்திரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சியின் கடைசி நாளில் வந்து பேசச் சொன்னீர்கள். என் முழங்காலுக்கும் அட்டன் பஸ்ஸுக்கும் ஒத்துவராததால் எழுதி அனுப்புகிறேன். மருந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் புத்தகங்கள் என்னுடையவற்றைவிடப் புதியவை. நான் செய்த ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷ வேலையில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் இன்றைக்கும் சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வைத்திய உதவியாளனாக இருந்தேன். சனங்கள் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் மாதம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். கேட்கக் கேட்க அந்தப் பெயர் எனக்கும் பிடித்துப்போயிருந்தது.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனம் இளகுகிறது. ஆறு மணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதும். அந்தத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் குரல் பனிக்குள்ளிருந்து வரும், கூப்பிடுகிறவர் தெரியமாட்டார். நான் கதவைத் திறக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசை நிற்கும். யாராவது ஒருவர் போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுவந்திருப்பார். மூடியில் ஊற்றி முதலில் எனக்குத்தான் நீட்டுவார். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். விறகுப் புகை மணக்கும் அந்தத் தேத்தண்ணீர் இப்போது எங்கும் கிடைப்பதில்லை.

அந்த வரிசையில் சரோஜாவும் பாக்கியமும் சேர்ந்துதான் வருவார்கள். சரோஜா அந்த வீட்டு மருமகள், முப்பத்தைந்து வயதிருக்கும். பாக்கியம் அவளுடைய நாத்தனார், நாலைந்து வயது இளையவள், புருஷனை இழந்து தாய்வீட்டோடு வந்துவிட்டவள். இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரே காம்பராவில் இருந்தார்கள், ஒரே மலையில் கொழுந்தெடுத்தார்கள். சரோஜா ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். அதே சமயத்தில் பாக்கியத்துக்கு மூச்சிழுப்பு கூடியது. கூடையோடு மலையேற முடியவில்லை. இருவருக்கும் இலேசான வேலை கொடுக்கும்படி தோட்ட நிர்வாகியான துரைக்கு நான்தான் எழுதினேன். துரையும் சம்மதித்து, இரண்டு பேரையும் ஒரே கிழமையில் ஸ்டோருக்கு மாற்றினார். காய்ந்த தேயிலையில் கலந்திருக்கும் குச்சியைப் பொறுக்குகிற வேலை. தரையில் சாக்கை விரித்து, தட்டை முன்னால் வைத்து, பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பெரிய நன்மை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் ஆவதற்குள் சரோஜா ஒன்பது கிலோ ஏறிவிட்டாள். இரத்த அழுத்தமும் ஏறத் தொடங்கியது. பாக்கியம் போனபோது எப்படியிருந்தாளோ அப்படியே இருந்தாள்.

அப்போதுதான் சரோஜாவின் மாமியார் முனியம்மா என்னிடம் வந்தாள். மருந்து கேட்டு வரவில்லை, நியாயம் கேட்டு வந்தாள்.

"ஒரே சட்டி, ஒரே அடுப்புங்க அய்யா. ரெண்டு பேரும் ஒரே ஸ்டோர்ல பக்கத்துப் பக்கத்துல குந்தி வேல செய்றாளுக. எம்மக காத்துல பறக்குற மாதிரி கெடக்குறா, மருமக ஊதிக்கிட்டே போறா. அப்ப சோறு எங்கங்க போவுது?"

"களவா சாப்பிடுறாங்கன்னு சொல்றீங்களா?"

"நா என்னத்தங்க சொல்றது? நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க."

நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரே சாப்பாடு, ஒரே வேலை, ஒருத்தி மட்டும் பருக்கிறாள். வேறென்ன காரணம் இருக்க முடியும்? கணக்கு நேராக வந்துவிட்டது போலிருந்தது. நேராக வருகிற கணக்கை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை, தம்பிமாரே. அது நமக்குள்ள பெரிய சோம்பல்.

அடுத்த திங்கட்கிழமை சரோஜா நிறை பார்க்க வந்தாள். தராசில் ஏறி நின்றாள். வரிசையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"என்ன சரோஜா, இன்னும் கொறயலயா? யாருக்கும் தெரியாம எவ்வளவு சாப்பிடுறீங்க?"

அவள் தராசிலிருந்து இறங்கவே இல்லை. "நா கூடக்கொறய ஒண்ணும் சாப்புடலங்க அய்யா. பாக்கியம் சாப்புடுறதத்தான் நானும் சாப்புடுறேன்."

"பொய் சொல்லக் கூடாது. பாக்கியம் உங்கள மாதிரியா இருக்காங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சரோஜா அழவில்லை. என் கையிலிருந்த நிறை அட்டையை வாங்கி, அதில் பட்டிருந்த தூறலைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மடித்துச் சொருகிக்கொண்டு போய்விட்டாள். முனியம்மாவுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. டாக்டரய்யாவே சொல்லிவிட்டார். மாவையும் ரொட்டியையும் பலகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கினாள்.

இரண்டு மூன்று மாதத்தில் சரோஜாவின் நிறை கொஞ்சம் இறங்கியது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "பாத்தீங்களா, சொன்னேன்ல?" என்று தட்டிக்கொடுப்பதுபோலச் சொன்னேன். அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரத்தம் இருக்கிறதா என்று கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்க்க எனக்கு ஒரு நொடி பிடித்திருக்காது. பார்க்கவில்லை.

பிறகு ஜூன் மாத மழை வந்தது. அந்த வருஷம் நாள்கணக்கில் விடாமல் பெய்தது. ஒரு காலை, பத்து மணி இருக்கும், ஸ்டோரிலிருந்து ஆள் ஓடி வந்தான். சரோஜா மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள், ஐந்தாறு படி உருண்டு தலையில் அடி என்றான். நான் போய்ச் சேரும்போது அவளுடைய தலை பாக்கியத்தின் மடியில் இருந்தது. புருவத்துக்கு மேலே நீளமாகக் கிழிந்திருந்தது. கண்ணைத் திறந்தாள், எப்படி விழுந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. என் முன்னாலேயே ஒருதடவை வாந்தியும் எடுத்தாள். வந்தது வெறும் மஞ்சள் தண்ணீர். அதையும் நான் பார்த்தேன். பார்த்தும் அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. தலைக்குள் ஏதாவது ஆகியிருக்குமோ என்ற பயம் மட்டும்தான் எனக்கு.

காயத்தைக் கட்டி, கொழுந்து லொறியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம் போவதற்குள் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. லொறி போக வழியில்லை.

"திரும்பிப் போயிருவோம் அய்யா," என்றார் டிரைவர். "மத்தியானத்துக்குள்ள மண்ண அள்ளிருவாங்க. இப்ப மேல இருந்து இன்னும் கொட்டினா எல்லாரும் போயிருவோம்."

அவர் சொன்னது தவறில்லை. மேலே மண் கரை இன்னும் நனைந்துகொண்டிருந்தது. ஆனால் தலையில் அடிபட்டவள் நேரம் போகப்போகத் தூங்கப் பார்க்கிறாள். காத்திருந்தால் என் கையிலேயே ஏதாவது ஆகிவிடும். என்ன செய்வது என்று யாரையும் கேட்க முடியாத அந்த ஐந்து நிமிஷம் உங்களுக்கும் ஒருநாள் வரும். நான் கரையைப் பார்த்தேன், சரோஜாவைப் பார்த்தேன். சரிவின் கீழ்ப்பக்கமாக ஆள் நடக்க இடமிருந்தது. இரண்டு கம்பில் கொழுந்துச் சாக்கைக் கோத்து அவளைக் கிடத்தினோம். லொறியில் கூட வந்த ஆட்களில் நாலு பேர் தூக்கினார்கள். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் வரை சேறு. ஒருவர் மட்டும் மேலே கரையைப் பார்த்துக்கொண்டு, கல் உருண்டால் கத்துவதற்காக நின்றார். கடந்துவிட்டோம்.

அந்தப் பக்கம் ஒரு பாண் வேன் வழியில்லாமல் நின்றிருந்தது. டவுனில் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் ஆள் ஒருவருடையது. தானே ஓட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். எங்களைக் கண்டதும் அவர் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பாண் தட்டுகளை இழுத்து ரோட்டோரம் அடுக்கினார்.

"ஏத்துங்க, ஏத்துங்க. பாண நாளைக்கும் சுடலாம்," என்றார்.

வேனுக்குள் சூடான பாண் வாசம் நிறைந்திருந்தது. சரோஜா கண்ணைத் திறந்தாள். மூக்கு விடைத்தது. அதைப் பார்த்ததும் பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"மதினி நேத்து ராவும் சாப்புடலங்க. காலையிலயும் ஒண்ணும் இல்ல. பகலைக்கு ஒரு நேரம் சாப்புடுறதோட சரிங்க. மூணு மாசமாச்சு."

"ஏன்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தாள். "மதினி களவா சாப்புடுதுன்னு நீங்கதானே அய்யா சொன்னீங்க."

நானாவுக்கும் அது கேட்டது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பக்கத்துச் சீட்டில் கிடந்த சீனி தூவிய பணிஸ் ஒன்றை எடுத்துப் பின்னால் நீட்டினார். "அந்தப் புள்ளக்கிக் குடுங்க டொக்டர்."

தலையில் அடிபட்டு வாந்தியும் எடுத்தவளுக்கு, டாக்டர் பார்க்கும்வரை வாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. அது சரியான வைத்தியம். மூன்று மாதம் பட்டினி போட்டவனே இப்போது கண்ணெதிரே வந்த பணிஸையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. சரோஜா கையை நீட்டவில்லை. நான் என்ன சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப வேணாம்மா," என்றேன். அவள் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அப்போதிருந்த பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். காயத்தைத் தைத்தார். தலைக்குள் ஒன்றுமில்லை, ஆனாலும் சில நாள் வைத்திருந்து பார்ப்போம் என்றார். பிறகு அவளுடைய இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது. கழுத்தைத் தடவினார், கணுக்காலை அமுக்கினார், இரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். கை கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"இவ எத்தினை நாளாச் சாப்பிடாமல் கிடக்கிறா?"

"ஒரு நேரம் சாப்பிடுறாங்க சேர். மூணு மாசமா."

"ஆர் சொன்னது?"

"நான்தான் சேர்."

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் என் கணக்கைச் சொன்னேன். ஒரே சட்டி, ஒரே வேலை, ஒருத்தி பருக்கிறாள், மற்றவள் பருக்கவில்லை, அப்படியானால் சோறு எங்கே போகிறது என்றேன்.

"மற்றப் பொம்பிளை எங்கை?"

"வெளிய இருக்காங்க சேர்."

கதவு திறந்திருந்தது. நடையில் கிடந்த வாங்கில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலும் ஆடிக்கொண்டிருந்தன. வாங்கே சேர்ந்து கிடுகிடுத்தது. முந்தானையை முறுக்கினாள், அவிழ்த்தாள். காலை மாற்றிப் போட்டாள். எழுந்து எட்டிப் பார்த்து, உட்கார்ந்து, உடம்பை இந்தப் பக்கம் சாய்த்து அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"நான் தையல் போடேக்கையும் பாத்தனான்," என்றார் டாக்டர். "ஒரு நிமிசம் சும்மா இருக்கேல்லை. பயத்திலையோ, அல்லாட்டி எப்பவும் இப்பிடியோ?"

யோசித்துப் பார்த்தேன். வாரத்துக்கு ஒருதடவை பார்த்த பெண். எனக்குத் தெரியவில்லை.

"தெரியாது சேர்."

"அப்ப போய்ப் பாரும். சோறு எங்கை போகுது எண்டுதானே கேட்டனீர்? காலாட்டுறதுக்கும் உடம்பு எரிக்கத்தான் வேணும். ரெண்டு பேர் ஒரே இடத்தில இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கிறேல்லை, ஐசே. அதுதான் முழுக் காரணம் எண்டு நான் சொல்லேல்லை. ஆளுக்காள் உடம்பு வேறை. ஆனா அவ பொய் சொல்லுறா எண்டு முடிவு கட்ட முன்னம் பாக்கிறதுக்கு நாலைஞ்சு விசயம் இருந்தது. நீர் ஒண்டும் பாக்கேல்லை." அப்போதுதான் குழாயை மூடினார். "அவ பொய் சொல்லேல்லை. நீர்தான் கேக்கேல்லை."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இரத்தச் சோதனையில் வேறு வியாதி ஒன்றும் தெரியவில்லை. இரத்தம் குறைவு மட்டும்தான். இரும்புச்சத்து மாத்திரையோடு சரோஜா வீட்டுக்கு வந்து, இரண்டு கிழமை கழித்து வேலைக்கும் திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு நாள், முதலுதவிப் பெட்டியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். குச்சி பொறுக்கும் அறையில் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அந்தத் தோட்டத்தில் ஏழு வருஷம் இருந்தும், அவர்கள் வேலை செய்கிற இடத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பாக்கியத்தைப் பார்த்தால் எனக்கே களைப்பாக இருந்தது. விரல்கள் குச்சி பொறுக்கும். முழங்கால் அதுபாட்டுக்கு ஆடும். பேச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். சம்மணம் போடுவாள், குத்துக்காலிடுவாள், ஒரு காலை நீட்டுவாள், தண்ணீர் குடிக்க எழுவாள், வரும் வழியில் இன்னொருத்தியின் தட்டை எட்டிப் பார்ப்பாள். அவளுக்குப் பக்கத்தில் சரோஜா. அவளிடம் அசைந்தது பத்து விரல்கள்தான். தோள் அசையவில்லை, இடுப்பு அசையவில்லை. மூச்சு விடுவதுகூடக் கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது.

அந்த அறையில் தேயிலையின் பஞ்சு போன்ற தூசி எப்போதும் பறந்துகொண்டிருக்கும். இடைவேளைக்கு மணி அடித்து எல்லாரும் எழப் போனபோது நான் கவனித்தேன். பாக்கியத்தின் சேலையில் தூசி நிற்கவே இல்லை. சரோஜாவின் மடியில் அது பூசினாற்போல ஒரு மடிப்புக் கலையாமல் படிந்திருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய லயத்துக்குப் போனேன். முனியம்மா, அவள் மகனும் சரோஜாவின் புருஷனுமான செல்வராஜ், பாக்கியம், சரோஜா என்று பெரியவர்கள் நாலு பேரும் இருந்தார்கள். முக்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"சரோஜா களவா ஒண்ணும் சாப்பிடல. நான் விசாரிக்காம பேசிட்டேன். பிழை என்னோடது."

"அப்ப எப்புடிங்க ஒடம்பு வந்துச்சு?" என்றாள் முனியம்மா. அவள் கெட்டவள் இல்லை. கேள்வி நியாயமானது.

நான் ஸ்டோரில் பார்த்ததைச் சொன்னேன். மலையில் இருந்தவரை இரண்டு பேரும் ஏறி இறங்கினார்கள், சாப்பிட்டது செலவாகிவிட்டது. ஸ்டோரில் உட்கார்ந்த பிறகும் பாக்கியத்தின் உடம்பு சும்மா இருக்கவில்லை. காலை ஆட்டி, எழுந்து, திரும்பி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தது. ஒருநாளில் பார்த்தால் அது சின்னச் செலவு. ஒரு வருஷத்தில் பெரிதாகிவிடும். சரோஜாவின் முழங்கால் வேறு வலித்ததால் வீட்டிலும் நடமாட்டம் குறைந்திருக்கும். இவ்வளவும் சேர்ந்திருக்கலாம் என்றேன்.

முனியம்மா நம்பவில்லை. "காலாட்டுனா வீட்டுக்குத் தரித்திரம்னு இவள எத்தன தடவ அடிச்சிருக்கேன்," என்று பாக்கியத்தைக் காட்டினாள். "நீங்க என்னடான்னா அதுதான் நல்லதுங்கிறீங்க." பிறகு சரோஜாவைப் பார்த்து, "நீயும் ஆட்டுறதுதானே? எதுக்கு கல்லு மாதிரி குந்திக்கிட்டு இருக்க?" என்றாள்.

சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் பாக்கியத்திடமிருந்து வந்தது.

"ஏம்மா, மறந்துட்டியா? அப்பா கெடந்தப்ப யாரு பக்கத்துல இருந்தா?"

அந்தக் கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அந்தத் தோட்டத்துக்கு வருமுன்னே, முனியம்மாவின் புருஷன் நிழல் மரத்தில் கிளை வெட்ட ஏறிய இடத்தில் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் படுக்கை. மற்ற மூன்று பேரும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். கைப்பிள்ளைக்காரியான சரோஜா வீட்டில் நின்றாள். கட்டில் கொஞ்சம் ஆடினாலும் மனிதர் வலி பொறுக்காமல் அலறுவார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கண் மூடுவார்.

"மாமா தூங்குறப்ப அசயக்கூடாதுங்க," என்றாள் சரோஜா. என்னிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "கால் மரத்துப்போகும். அப்புடியே இருப்பேன். அவரு போனதுக்கப்புறம் யோசிச்சுப் பாத்தா, எனக்கு வேற மாதிரி குந்தத் தெரியலங்க."

முனியம்மா எழுந்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்துப் பலகைப் பெட்டியைத் திறந்தாள். இருந்த ரொட்டியில் பெரியதை எடுத்து, சம்பலை வைத்து, சரோஜாவின் கையில் திணித்தாள். "தின்னுடி," என்றாள். சரோஜா அதை இரண்டாகப் பிய்த்துப் பாதியை மாமியாரிடம் நீட்டினாள். நான் அங்கே நிற்கக் கூடாது என்று தோன்றியது. வெளியே வந்துவிட்டேன்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவோடு ஒரு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. பொறுக்குகிற பெண்கள் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், உட்கார உயரமான வாங்கு வேண்டும் என்று கேட்டேன். "இது ஸ்டோரா, நாட்டியப் பள்ளிக்கூடமா?" என்று சத்தம் போட்டார். ஆனாலும் ஒரு மாதத்துக்குள் வாங்கு வந்தது. பொறுக்கிய தட்டை அவரவரே எழுந்து கொண்டுபோய்க் கொட்டிவரவும் விட்டார். சரோஜாவுக்குக் காலாட்டப் பாக்கியம்தான் பழக்கினாள். காலை ஆட்டினால் கை நின்றது. கை ஓடினால் கால் நின்றது. அந்த அறையே சிரித்தது. சரோஜா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் காலாட்டச் சொல்லி மருந்துச் சீட்டு எழுதிவிடாதீர்கள். சதா காலும் கையும் நடுங்குகிறவர்களைக் கண்டால் நல்ல பழக்கம் என்று விட்டுவிடவும் வேண்டாம்; அது வியாதியாகவும் இருக்கலாம். பின்னாளில் இந்தச் சின்ன அசைவுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். ஆளுக்காள் நிறைய வித்தியாசம் என்றுதான் அதிலும் இருந்தது. நான் மாற்றிக்கொண்டது ஒன்றைத்தான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதோடு, பகல் முழுக்க எங்கே எப்படி உட்காருகிறீர்கள் என்றும் கேட்கத் தொடங்கினேன். முடிந்தபோது போய்ப் பார்த்தேன்.

சரோஜாவுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கிடைத்தது. இரத்தம் தேறியது, அழுத்தம் இறங்கியது. நிறை மட்டும் பெரிதாகக் குறையவில்லை. ஏறாமல் நின்றது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கியிருந்தது. லயத்தில் நாலு பேருக்கு முன்னால் பிழையை ஒத்துக்கொண்டேனே தவிர, நான் அவளைப் பொய்க்காரி என்று சொன்னது ஆஸ்பத்திரி வரிசைக்கு முன்னால். அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டரய்யா என்ற பெயர் குறுக்கே நின்றது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அடுத்த கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இப்படியே ஆறு மாதம் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை சரோஜா நிறை பார்க்க வந்து தராசில் ஏறினாள். வெளியே நல்ல மழை. கூரைக்குள் இடம் போதாமல் வரிசையில் பாதிப்பேர் நனைந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற கங்காணி ஒருவர் முள்ளைப் பார்த்துவிட்டு, என் குரலைப் போலவே வைத்துக்கொண்டு, "என்ன சரோஜா, இன்னும் கொறயலயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது என்னுடைய பேச்சைக் கேட்டு.

நான் எழுந்து நின்றேன்.

"யாரும் சிரிக்க வேணாம். அன்னைக்கு சரோஜா சொன்னது உண்மை. அவங்க கூட ஒண்ணும் சாப்பிடல. விசாரிக்காம அவங்களப் பொய்க்காரின்னு நான் இதே எடத்துல வச்சு சொன்னேன். என் பேச்சக் கேட்டு மூணு மாசம் பட்டினி கெடந்து விழுந்தாங்க. பிழை என்னோடது." பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "என்னை மன்னிக்கணும்மா."

கங்காணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சரோஜா தராசிலிருந்து இறங்கினாள். என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அட்டைக்காகக் கையை நீட்டினாள்.

"சரிங்க அய்யா," என்றாள். "அவங்கல்லாம் மழையில நிக்கிறாங்க பாருங்க. அவங்களக் கூப்புடுங்க."

அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அடுத்தவரை உள்ளே கூப்பிட்டேன்.